இருபத்துநாலு மாடியும் ஒரு சிகரமும்

அந்த ஊரில் மேடு என்று சொல்லிக்கொள்ள மேம்பாலம் ஒன்றுதான் இருந்தது. மழை பெய்தால் எந்தப் பக்கம் ஓடுவது என்று தண்ணீருக்கே தெரியாது, தெருவிலேயே நின்றுவிடும். அப்பேர்ப்பட்ட தட்டை ஊரில் பிறந்து வளர்ந்த ஒருத்தி, நாற்பத்து மூன்று வயதில், சாப்பாடு பரிமாறிக்கொண்டே, நாலாயிரம் மீட்டர் மலையில் ஏறப்போகிறேன் என்று சொன்னால் வீடு என்ன செய்யும்? சிரிக்கும். சிரித்தது.

அதிகமாகச் சிரித்தவள் நாத்தனார். கணவனுக்கு மூத்தவள். தபால் நிலையத்துப் பார்சல் கவுண்டரில் உட்கார்ந்து இருபது வருஷமாக ஊரையே வரிசையில் நிற்கவைத்தவள். மூன்று வீடு தள்ளிக் குடியிருந்தாலும் சாப்பாட்டு நேரத்துக்குச் சரியாக இங்கே இருப்பாள். தம்பி மனைவிக்கு ‘அரைவாசி’ என்று பட்டப்பெயர் வைத்ததும் அவள்தான். பெயர் பொருந்தவில்லை என்று யாரும் வாதாட முடியாது. மூன்று வருஷப் படிப்பில் இரண்டு வருஷம் படித்துவிட்டு விட்டவள் இவள். நீச்சல் குளத்தில் இடுப்பளவுத் தண்ணீரைத் தாண்டாதவள். அலமாரியில் ஒரு கை மட்டும் பின்னிய ஸ்வெட்டர் ஒன்று இருக்கிறது, அதற்கு இப்போது பதினோரு வயது.

இவள் வேலை, லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களோடு பேசுவது. லிஃப்ட் பராமரிக்கும் நிறுவனம். ஜன்னல் இல்லாத அறை, மூன்று தொலைபேசி, சுவரில் ஊர் வரைபடம். எங்கேயாவது லிஃப்ட் நின்று, உள்ளே இருப்பவர் அவசரப் பொத்தானை அழுத்தினால் அவள் மேஜையில் மணி அடிக்கும். மெக்கானிக் போய்ச் சேரும்வரை பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். போய்ச் சேருகிற மெக்கானிக் பெரும்பாலும் அவள் கணவன்.

மலை அவளுக்குள் புகுந்ததும் அந்தத் தொலைபேசி வழியாகத்தான். ஒருநாள் மதியம் ஒன்பதாவது மாடிக்கும் பத்தாவது மாடிக்கும் நடுவில் சிக்கிய ஒருவர், ஐம்பது நிமிஷமும் பதற்றமே இல்லாமல், தான் ஏறிய மலையைப் பற்றிச் சொன்னார். கயிறு வேண்டாம், ஆணி வேண்டாம், நடக்கத் தெரிந்தால் போதும் என்றார். சிகரத்துக்குக் கீழே ஒரு மலைவிடுதி இருக்கிறது. அங்கே தடிமனான ஒரு பெயர்ப் புத்தகம். உச்சிக்குப் போனது மட்டும் போதாது, அதில் எழுத விடமாட்டார்கள். போய்விட்டு, மாலை ஐந்து மணிக்குள், தன் காலால் நடந்து விடுதிக்குத் திரும்பியவர்தான் எழுதலாம். முடியாமல் கோவேறு கழுதையில் ஏறி வருகிறவர்களுக்குத் தனியாக ஒரு சிவப்பு நோட்டு.

லிஃப்ட் திறந்து அவர் நன்றி சொல்லிப் போய்விட்டார். இவள்தான் சிக்கிக்கொண்டாள். முழுக்க முடித்தவர்களுக்கென்றே ஒரு புத்தகம் உலகத்தில் இருக்கிறது என்பதை அவளால் மறக்க முடியவில்லை. அதில் தன் பெயர் இருக்க வேண்டும். ஒரு குழந்தை பொம்மைக்கு ஆசைப்படுவதுபோல அவ்வளவு பச்சையாக ஆசைப்பட்டாள்.

கணவனுக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை. அவன் கணக்கில் புலி. விடுதியிலிருந்து உச்சி தொள்ளாயிரத்து இருபது மீட்டர் என்று கண்டுபிடித்தான். தங்கள் நிறுவனம் பார்த்துக்கொள்ளும் இருபத்துநாலு மாடிக் கட்டடம் எண்பத்துநாலு மீட்டர். பதினோரு தடவை ஏறினால் சிகரம் கைக்குள். காவலாளியிடம் சொல்லிவைத்து, விடியற்காலையில் அலுவலகங்கள் திறக்கும்முன் படியேறும் பயிற்சி ஆரம்பமானது. மூன்றாவது நாளே நாத்தனாரும் பழைய செருப்போடு வந்து நின்றாள். இவள் பாதியில் திரும்பும்போது கூட ஒரு ஆள் வேண்டாமா என்று காரணம் சொன்னாள். உண்மையில் வீட்டில் தனியாக இருக்க அவளுக்குப் பிடிக்கவில்லை.

ஐந்து மாதம் ஏறினார்கள். முதல் வாரம் ஏழாவது மாடியில் கண்ணில் பூச்சி பறந்தது. இரண்டாம் மாதம் மூன்று தடவை, நாலாம் மாதம் எட்டுத் தடவை. கடைசி ஞாயிற்றுக்கிழமை முதுகில் பையோடு பதினோரு தடவையும் ஏறி முடித்தபோது கணவன் மொட்டைமாடியில் நின்று, இந்த நிமிஷம் நாம் உச்சியில் இருக்கிறோம் என்று அறிவித்தான். நாத்தனாருக்கு மட்டும் எப்போதும் கால் மணி நேரம் கூடுதலாகும். காரணம் அவள் லிஃப்டில் காலெடுத்து வைக்கமாட்டாள். சில வருஷம் முன் ஒரு லிஃப்டில் இரண்டு மணி நேரம் மாட்டிக்கொண்டவளை, மெக்கானிக்கான தம்பியே வந்து கதவைப் பிரித்து வெளியே எடுத்தான். லிஃப்ட் மெக்கானிக்கின் அக்கா இப்படி என்றால் குடும்ப மானம் கப்பலேறாதா என்று அவன் இன்றைக்கும் கிண்டல் செய்வான். அவள் எதையும் காதில் வாங்காமல் படிப்படியாக இறங்கி வந்துசேர்வாள்.

மலைவிடுதிக்கு அவர்கள் போய்ச் சேர்ந்தது ஒரு வெள்ளிக்கிழமை மாலை. தடித்த மரக் கதவு, ஒரே நீளமான கூடம், நடுவில் விறகடுப்பு, சுவரோரம் ஈரக் காலுறைகள். விடுதிக்காரம்மா குட்டையான, அதிகம் பேசாத பெண். இடுப்பில் சாவிக்கொத்து. பெயர்ப் புத்தகத்தை அலமாரியிலிருந்து எடுத்துக் காட்டச் சொல்லி இவள் கேட்டாள். காட்டினாள், தொடவிடவில்லை. பக்கங்கள் மெழுகும் கைரேகையுமாக இருந்தன. சாயங்காலம் ஐந்தானால் அலமாரியைப் பூட்டிவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவேன், அதற்கப்புறம் கடவுளே வந்து கேட்டாலும் திறக்கமாட்டேன் என்று விடுதிக்காரம்மா சொல்லிவைத்தாள்.

மறுநாள் காலை ஐந்து மணிக்கு நெற்றி விளக்கோடு நடையைக் கட்டினார்கள். முன்னால் வழிகாட்டி. நரைத்த தாடி, எலும்பும் தோலுமான ஆள். வெளியூர்க்காரர்களை ஏற்றி ஏற்றி அலுத்துப்போன முகம். ஆனால் ஒரு மணி நேரத்தில் அவர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார். மூன்றாவது தடவை நின்றே பார்த்தார். தட்டை ஊர்க்காரர்கள் மூன்று பேரும் மூச்சு வாங்கினாலும் நிற்காமல், ஒரே தாளத்தில், படிக்கட்டு ஏறுவதுபோல ஏறிக்கொண்டிருந்தார்கள். எங்கே பழகினீர்கள் என்று கேட்டார். கணவன் வாயெல்லாம் பல்லாகக் கட்டடக் கணக்கைச் சொன்னான். நல்ல காரியம் செய்தீர்கள் என்றார் வழிகாட்டி. பாவம், அவரும் மேற்கொண்டு கேட்கவில்லை.

வெயில் நன்றாக ஏறியபோது அவர்கள் இரண்டு முகடுகளுக்கு நடுவில் சேணம்போல் வளைந்த ஓர் இடத்தில் இருந்தார்கள். அங்கேதான் முதல் முதலாகப் பனியைப் பார்த்தார்கள். ஒரு பாறையின் நிழலில் அழுக்காகக் கொஞ்சம் கிடந்தது. மூவரும் அதைச் சுற்றி உட்கார்ந்து விரலால் குத்திப் பார்த்தார்கள். கணவன் ஊரில் காட்டுவதற்கென்று ஒரு உருண்டை பிடித்துக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். அது உருகி அவன் கால்சட்டை நனைந்தது உச்சிக்குப் போகும்வரை பேச்சாக இருந்தது. நாத்தனார் சிரித்து மூச்சு முட்டி, வழிகாட்டி அவளை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுக்க வேண்டியதாயிற்று.

மேலே போகப் போகக் காற்று மெலிந்தது. இருபது அடி, ஒரு நிறுத்தம். பிறகு பத்து அடி. தலைக்குள் யாரோ மெல்லத் தட்டிக்கொண்டிருந்தார்கள். ஆனாலும் அவளுக்குள் ஒரு குதூகலம் நிற்காமல் ஏறியது. அடுத்த பாறை, அதற்கடுத்த பாறை என்று கண் ஓடியது. பதினோரு மணிக்குச் சற்று முன் அவள் காலெடுத்து வைத்த இடத்துக்கு மேலே ஏறுவதற்கு ஒன்றும் இல்லை.

அவள் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். எல்லாப் பக்கமும் கீழே இருந்தது. பிறந்ததிலிருந்து அண்ணாந்தே பார்த்த மேகங்கள் முழங்காலுக்குக் கீழே அலைந்தன. என்ன செய்வதென்று தெரியாமல் கத்தினாள், கணவனைக் கட்டிக்கொண்டாள், நாத்தனாரைக் கட்டிக்கொண்டாள், வழிகாட்டியையும் கட்டிக்கொள்ளப் போய், அவர் பின்வாங்கியதால் கையைக் குலுக்கினாள். தலைகால் புரியாத சந்தோஷம் என்று சொல்வார்களே, அது அன்றைக்கு அவளிடம் இருந்தது.

இறங்க ஆரம்பித்து இருபது நிமிஷம்கூட ஆகவில்லை. முதலில் தொடைக்கு மேலே ஏதோ நடுங்கியது. பிறகு ஒவ்வொரு அடிக்கும் முழங்காலில் யாரோ ஊசியை இறக்கினார்கள். கால் தானாக மடங்கி அவள் உட்கார்ந்துவிட்டாள். திரும்பிப் பார்த்தால் கணவன் ஒரு பாறையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். நாத்தனார் மட்டும் ஆட்டுக்குட்டிபோலக் கீழே எங்கேயோ போய்க்கொண்டிருந்தாள்.

வழிகாட்டி இரண்டு பேர் முழங்காலையும் அமுக்கிப் பார்த்தார். பிறகு அந்தக் கட்டடத்தைப் பற்றி மறுபடி கேட்டார். எத்தனை தடவை ஏறினீர்கள்? பதினொன்று. சரி.

“இறங்கினது?”

கணவனும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இந்தக் கேள்வி ஐந்து மாதத்தில் இருவர் மனசிலும் ஒரு தடவைகூட எழவில்லை.

“லிஃப்ட்ல,” என்றான் கணவன்.

வழிகாட்டியும் ஒரு கல்லில் உட்கார்ந்துகொண்டார். இருபத்தெட்டு வருஷத்தில் எல்லா வகை முட்டாள்தனத்தையும் பார்த்துவிட்டதாக அவர் நினைத்திருந்தாராம். சிரிப்பை அடக்க முயன்று தோற்றார். ஏறும்போது உடம்பைத் தூக்குகிற தசை வேறு, இறங்கும்போது தாங்குகிற தசை வேறு என்று விளக்கினார். இவர்களிடம் இருப்பது பாதிதான். எந்தச் சொல்லைக் கேட்கக்கூடாது என்று அவள் மலையேறி வந்தாளோ, அதே சொல். கண்ணில் நீர் முட்டியது.

கோவேறு கழுதை சேணம்போன்ற அந்த இடம்வரை வரும் என்று சொல்லி வழிகாட்டி கம்பியில்லாக் கருவியை எடுத்தார். கணவனுக்கு ஆட்சேபமே இல்லை. உச்சியைப் பார்த்தாகிவிட்டது, சிவப்பு நோட்டோ பச்சை நோட்டோ, அவனுக்கு எல்லாம் ஒன்றுதான். அவள் கேட்டுக்கொண்டபடி, ஒரு கழுதை போதும் என்று வழிகாட்டி கருவியில் சொன்னார். இரண்டாவது கழுதை வேண்டாம் என்று அவள் பிடித்த பிடியை விடவில்லை. அவரும் அதற்குமேல் வற்புறுத்தவில்லை. கம்புகளை ஊன்றி, உட்கார்ந்து சறுக்கி, வழிகாட்டியின் தோளைப் பிடித்து அந்த வளைவுவரை வந்துசேரவே மணி ஒன்றைத் தாண்டிவிட்டது. சாதாரணமாக அரை மணி நேர வழி அது. அதன் பிறகும் விடுதிவரை இரண்டு மணி நேர இறக்கம் கிடந்தது. இந்த வேகத்தில் நடுராத்திரி ஆகும்.

அப்போதுதான் அவள் கையுறை ஒன்று கீழே விழுந்தது. எடுப்பதற்காக மலையைப் பார்த்துத் திரும்பிக் குனிந்தாள். நிமிரும்போது தடுமாறி, ஒரு அடி பின்னால் வைத்தாள். ஊசி குத்தவில்லை. சந்தேகத்தோடு இன்னொரு அடி பின்னால் வைத்தாள். நடுக்கம் இருந்தது, வலி இல்லை. முன்னே இறங்கிப் பார்த்தாள், உயிர் போயிற்று. மறுபடி பின்னால். இல்லை.

வழிகாட்டி தாடியைத் தடவினார். பாரம் சுமக்கிற கிழவர்கள் சிலர் செங்குத்தான இடத்தில் அப்படி இறங்குவதைப் பார்த்திருப்பதாகச் சொன்னார். இங்கிருந்து பாதை அகலம், ஓரத்தில் பள்ளம் கிடையாது. ஆனால் முதுகில் கண் இல்லையே, கீழே நின்று ஒவ்வொரு அடியையும் ஒருவர் சொல்ல வேண்டும். அவர் கணவனைப் பிடித்துக்கொண்டாக வேண்டும்.

முன்பே அங்கே வந்து காத்திருந்த நாத்தனார் பையை இறுக்கிக் கட்டிக்கொண்டு அவளுக்குக் கீழே வந்து நின்றாள். “நான் சொல்றேன். நீ கேட்டுக்கிட்டு மட்டும் வா.”

இரண்டு மணிக்குள் கழுதையும் வந்துவிட்டது. பிறகு அந்தப் பாதையில் நடந்ததை மலையே அதற்குமுன் பார்த்திருக்காது. முன்னால் நாத்தனார், பார்சல் கவுண்டர்க் குரலில் கட்டளை போட்டபடி. அவளுக்கு மேலே முதுகைக் காட்டிக்கொண்டு இவள். இவளுக்கு நேர் எதிரே கழுதைமேல் கணவன், அதன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வழிகாட்டி. கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷத்தில் அவர்கள் இவ்வளவு நேரம் முகத்துக்கு நேர் முகம் பார்த்துக்கொண்டதே இல்லை. முதல் அரை மணி நேரம் கூச்சமாக இருந்தது. அப்புறம் அவன் முகத்தில் பயமும் பெருமையும் மாறி மாறி வருவது தெரிந்தது. பயம் வரும்போதெல்லாம் பின்னால் ஏதோ பெரிய கல் இருக்கிறது என்று அவளும் தெரிந்துகொண்டாள்.

இடது கால், ஒரு சாண். வலது, கல்லு இருக்கு, தூக்கி வை. இப்ப மண்ணு, வழுக்கும். நாத்தனார் ஓயவே இல்லை. அன்றைக்கு அவள் வாயிலிருந்து கிண்டல் ஒன்றும் வரவில்லை. கிண்டலுக்கு இடமில்லாத அளவுக்கு வேலை இருந்தது. ஒரு சரிவில் கழுதை முரண்டு பிடித்தது. கொஞ்ச தூரம் இறங்கி நடங்கள் என்று வழிகாட்டி கணவனைக் கெஞ்ச, அவன் சேணத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மாட்டேன் என்றான். “ஏறச் சொன்னா எருதுக்குக் கோபம், இறங்கச் சொன்னா நொண்டிக்குக் கோபம்,” என்றாள் நாத்தனார் திரும்பிப் பார்க்காமலே. வழிகாட்டி அன்றைக்கு இரண்டாவது தடவை உட்கார்ந்து சிரித்தார்.

மூன்றரை மணி வாக்கில் அவள் விழுந்தாள். பெரிதாக ஒன்றும் இல்லை, ஒரு உருண்டைக் கல் நகர்ந்ததுதான். ஆனால் விழுந்த இடத்திலிருந்து எழ மனம் வரவில்லை. தொடை இரண்டும் வெலவெலத்தன. மூச்சு மேலேயே நின்றது. கழுதை நின்று மூக்கால் ஊதியது. கணவன் இறங்கி இடம் கொடுக்கிறேன் என்றான். போதும் என்று சொல்லிவிட அவளுக்கு அரை நொடிகூட ஆகாது.

நாத்தனார் ஏறி வந்து பக்கத்தில் குந்தினாள்.

“மூச்சை மெதுவா விடுங்க. உங்களுக்கு ஒண்ணும் ஆகாது. நான் லைன்லயே இருக்கேன், வைக்கமாட்டேன்.”

அது இவளுடைய வாசகம். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை இவள் தொலைபேசியில் சொல்வது, எழுத்துப் பிசகாமல். அந்த லிஃப்டில் இரண்டு மணி நேரம் நாத்தனார் தேம்பித் தேம்பி அழுததும், இவள் ரிசீவரை வைக்காமல் பேசிக்கொண்டே இருந்ததும் இரண்டு பேரைத் தவிர யாருக்கும் தெரியாது. கணவனிடம்கூட இவள் சொன்னதில்லை. நாத்தனாரும் அதன் பிறகு ஒரு நாளும் அந்தப் பேச்சை எடுத்ததில்லை. மறந்துவிட்டாள் என்று இவள் நினைத்திருந்தாள்.

இவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. மூச்சை மெதுவாக விட்டாள். நாத்தனார் கை கொடுக்க, எழுந்து, மலையைப் பார்த்து நின்று, காலைப் பின்னால் வைத்தாள்.

கடைசி ஒரு மணி நேரம் என்னென்ன நடந்தது என்று அவளுக்குச் சரியாக நினைவில்லை. இடது, வலது, இடது. கணவன் தலைக்கு மேலே சிகரம் கொஞ்சம் கொஞ்சமாக உயர்ந்துகொண்டே போனது. காலையில் காலுக்கடியில் இருந்ததால் பார்க்கவே முடியாத மலையை அவள் இப்போதுதான் முழுசாகப் பார்த்தாள். அங்கேயா போனோம் என்று நம்ப முடியவில்லை. விறகுப் புகை வாசனை வந்தது. நாய் ஒன்று குரைத்தது. எவ்வளவு தூரம் என்று திரும்பிப் பார்க்கப்போனாள், முழங்கால் சரிந்தது. திரும்பாதே என்று அதட்டல் வந்தது. மணி கேட்டாள். நாத்தனார் பதில் சொல்லாமல் அடுத்த அடியைச் சொன்னாள்.

திடீரென்று அந்தக் குரல் நின்றுவிட்டது.

ஒரு கணம் காத்திருந்தாள். அண்ணி என்று கூப்பிட்டாள். பதில் இல்லை. எதிரே கணவன் முகத்தில் பயம் இல்லை, ஆனால் அவனும் வாயைத் திறக்கவில்லை. தானாகவே ஒரு அடி பின்னால் வைத்தாள். சமதளம். இன்னொரு அடி. முதுகில் ஏதோ இடித்தது. கையைப் பின்னால் விட்டுத் தடவினாள். கல் இல்லை, மரம். இழைத்த மரம்.

“தள்ளு,” என்றாள் நாத்தனார்.

முதுகால் தள்ளினாள். கதவு உள்பக்கம் திறந்துகொண்டது. அவள் மூன்று அடி பின்னால் போய்க் கூடத்து நடுவில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டாள். அலமாரிக்கு முன்னால் விடுதிக்காரம்மா சாவியும் கையுமாக நின்றிருந்தாள். சுவர்க் கடிகாரத்தில் ஐந்தாக மூன்று நிமிஷம் இருந்தது. விடுதிக்காரம்மா தரையில் கிடந்தவளைப் பார்த்தாள், வாசலில் நிற்கிற கழுதையைப் பார்த்தாள், அதன்மேல் உட்கார்ந்திருந்தவனைப் பார்த்தாள். இந்த அம்மா அதில் ஏறவே இல்லை என்று வழிகாட்டி வெளியிலிருந்து சாட்சி சொன்னார். பூராவும் பின்புறமாகத்தான் வந்தாள் என்பதையும் சொன்னார்.

விடுதிக்காரம்மா யோசித்தாள்.

“தன் காலால நடந்து வரணும்னுதான் விதி. எந்தப் பக்கம் பார்த்துக்கிட்டு நடக்கணும்னு ஒண்ணும் எழுதல.”

எழுந்து மேஜைக்கு வர முடியுமா என்று கேட்டாள். முடியவில்லை. அதனால் அந்தத் தடிமனான புத்தகம், வழக்கத்துக்கு மாறாக, தரைக்கு இறங்கி வந்து அவள் மடியில் உட்கார்ந்தது. நாத்தனாரும் பையைக் கழற்றி வீசிவிட்டு அவளோடு ஒட்டித் தரையில் உட்கார்ந்து, அடுத்த வரி எனக்கு என்று விரலால் இடம் பிடித்துக்கொண்டாள். வழிந்த கண்ணைத் துடைத்துக்கொள்ளக்கூட மறந்துவிட்டாள்.

அவள் எழுதினாள். கால் இரண்டும் தரையில் தடதடவென்று நடுங்கிக்கொண்டிருந்தன. கை நடுங்கவில்லை. பெயரை எழுதி, தேதியை எழுதி, நேரத்துக்கான கட்டத்தில் நாலு ஐம்பத்தெட்டு என்றும் எழுதினாள். எழுதி முடித்த பிறகும் பேனாவைத் திருப்பிக் கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.